பிறந்த நாள் ஒன்றா, பூச்சியமா

மஞ்சள் அட்டை அது, உள்ளங்கை அளவு. எலிக்கூட்டின் முன்பக்கத்தில் ஒரு தகரக் கொளுவிக்குள் செருகியிருக்கும். தாய் எலியின் இலக்கம், குட்டிகள் பிறந்த திகதி, எத்தனை குட்டி என்ற விபரங்களை விலங்குக்கூடத்து ஆட்கள் பேனாவால் எழுதிவிடுவார்கள். அதற்குக் கீழே குட்டிகளின் வயதை நாள்தோறும் பென்சிலால் எழுதுவது என் வேலை. மூன்று வருடம் எழுதினேன். எழுத்து மணிமணியாக இருக்கும், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த மூன்று வருடத்தில் நான் எழுதிய வயது ஒன்றுகூடச் சரியில்லை. எல்லாமே ஒரு நாள் கூடுதல். அந்த ஒரு நாளை எனக்குச் சொல்லித் தந்தவர் ஒரு பேராசிரியர். அவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அவர் பெயரை எழுதமாட்டேன். வழக்குப் போடுவார் என்ற பயம் ஒன்றுமில்லை, அந்தப் பெயரை எழுத என் கைக்கு மனமில்லை.

தொண்ணூற்றிரண்டில் நாங்கள் கனடாவில், மொன்றியல் நகரத்தின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருந்தோம். கணவர் லாசாலில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலைக்குப் போய்வந்தார். நான் அங்கே ஒரு ஆய்வுக்கட்டடத்தில் கண்ணாடிக் குடுவைகள் கழுவினேன். யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படித்து இறுதி வருடப் பரீட்சைக்கு முதல் ஓடிவந்தவள் நான். கையில் ஒரு சான்றிதழ் கிடையாது. ஒருநாள் குடுவைத் தட்டோடு லிஃப்டில் ஏறி, கணவரோடு போனில் கதைத்த கோபம் அடங்காமல் எனக்குள்ளேயே தமிழில் புறுபுறுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற கோட்டுப் போட்ட மனிதர், "நீங்க சிலோனா?" என்று கேட்டார். தமிழ்நாட்டுக்காரர். இந்த நகரத்துக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல். நாலாம் மாடி முழுக்க அவருடைய ஆய்வுகூடம். விலங்கியல் படித்தேன் என்றதும், "அப்புறம் ஏம்மா பாட்டில் கழுவறீங்க? என்கிட்ட வாங்க" என்றார். சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்கு அவரைக் கடவுள் என்றுதான் நினைத்தேன். என் வாழ்நாளில் நான் நினைத்ததிலேயே பெரிய விசர் நினைப்பு அது.

அவருடைய ஆராய்ச்சி எலிக்குட்டியின் சிறுமூளையைப் பற்றியது. தலையின் பின்பக்கத்தில் கீழே சுருண்டு கிடக்கும் பகுதி அது. உடம்பு விழாமல் நிற்பதற்கும் நடப்பதற்கும் வேண்டியது. குட்டி பிறக்கும்போது அது அரைகுறைதான், பிறந்த பிறகுதான் கட்டி முடிகிறது. புதுக் கலங்கள், அதாவது செல்கள், மேலிருந்து கீழே இறங்கி, தங்கள் இடத்தைத் தேடி உட்காருகின்றன. ஒரு கலம் இன்னொரு கலத்தைக் கிளறி எழுப்ப குளுட்டமேட் என்ற அமினோ அமிலத்தை விடும். அதை வாங்கிக்கொள்ளக் கலத்தின் தோலில் ஏற்பிகள் இருக்கும். எந்த ஏற்பி எந்த நாளில் முளைக்கிறது, எந்த நாளில் உச்சத்துக்கு வருகிறது என்பதுதான் கேள்வி. பேராசிரியர் அப்படி இரண்டு ஏற்பிகளைப் பிடித்துக்கொண்டிருந்தார். முதலாவதை எனக்கு முன் அங்கே வேலை செய்த ஒரு கியூபெக் பெண்மணி அளந்து முடித்துவிட்டு ஓய்வு பெற்றுப் போயிருந்தார். இரண்டாவதை அளக்க வேண்டியவள் நான்.

என் வேலை எப்படியென்றால், குறித்த வயதுக் குட்டியைக் கொன்று, மூளையை எடுத்து, உடனே உறைய வைக்க வேண்டும். பிறகு கிரையோஸ்டாட் என்ற பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, உள்ளே உறைகுளிரில் ஓடும் கத்தியால் அதைச் சீவவேண்டும். மூச்சு விட்டால் பறந்துவிடும் சீவல். அதைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, கதிர்வீச்சுள்ள மருந்தில் ஊறவைத்து, எக்ஸ்ரே படத்தோடு சேர்த்து மூடி வாரக்கணக்கில் இருட்டில் வைக்க வேண்டும். ஏற்பி இருக்கும் இடம் படத்தில் கறுப்பாக விழும். முதல் படத்தைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தபோது, சுருள் சுருளான சிறுமூளை மடிப்புகள் ஒவ்வொன்றிலும் கறுப்புக் கரை கட்டியிருந்தது. என் கை செய்த வேலை. அப்படியொரு சந்தோசம் எனக்கு அந்த நாட்டில் அதற்கு முதல் வந்ததில்லை. குட்டிகளைக் கொல்வதற்கு அழுதாயா என்று பிற்காலத்தில் என் மகள் கேட்டாள். முதல் வாரம் சோறு இறங்கவில்லை, பிறகு பழகிவிட்டது, அதுதான் உண்மை.

வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே அந்தக் கேள்வியைக் கேட்டேன். பேராசிரியர் எங்கோ மாநாட்டுக்குப் போக, பெட்டியோடு நடைபாதையில் விரைந்துகொண்டிருந்தார். நான் பின்னால் ஓடி, "சேர், குட்டி பிறந்த நாளை ஒண்டு எண்டு போடுறதோ, பூச்சியம் எண்டு போடுறதோ?" என்றேன். அவர் நிற்கக்கூட இல்லை. "இதென்னம்மா கேள்வி? நம்ம வீட்ல கொழந்தை பொறந்தா பதினோராம் நாள் புண்ணியாசனம் பண்றோமே, எங்கேர்ந்து எண்ணுவோம்? பொறந்த அன்னிக்கே ஒண்ணு. அப்படியே எழுதுங்க" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் பக்கம் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிக்கிறோம், பிறந்த நாளையும் சேர்த்துத்தானே எண்ணுகிறோம். அன்றே போய் மஞ்சள் அட்டையில் ஒன்று என்று எழுதினேன். அந்த நடைபாதையில் வேறும் நாலைந்து பேர் நின்றார்கள், ஒருவருக்கும் தமிழ் விளங்காது.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பல்கலைக்கழகத்தில் விசாரித்திருந்தேன். சான்றிதழ் இல்லாவிட்டாலும், ஒரு ஆய்வுக்கட்டுரையில் என் பெயரும் பேராசிரியரின் கடிதமும் இருந்தால் முதுகலைக்கு எடுப்போம் என்று சொல்லியிருந்தார்கள். அதைப் பேராசிரியரிடம் சொன்னேன். "பண்ணிடலாம்மா" என்றார். அவருடைய வாயில் இந்தப் 'பண்ணிடலாம்மா' எச்சில் மாதிரி எப்போதும் ஊறிக்கொண்டிருக்கும். மற்றவர்களுக்கு முன்னால் என்னோடு ஆங்கிலம் மட்டும்தான் பேசுவார், அதிலும் பெயர் சொல்லமாட்டார், 'மை டெக்னிஷியன்'. தனியே இருந்தால் தமிழ் வரும். ஏதாவது வேலை ஆகவேண்டியிருந்தால் இன்னும் நல்ல தமிழ் வரும். ஒரு பொங்கலுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டார். போனபிறகுதான் தெரிந்தது, விருந்தாளிகளுக்குப் பரிமாற ஆள் குறைவாம்.

முதலாவது ஏற்பி ஒன்பதாம் நாள் உச்சத்துக்கு வருகிறது என்று அந்தக் கியூபெக் பெண்மணியின் அளவுகள் சொல்லின. என் அளவுகளில் இரண்டாவது பத்தாம் நாள் உச்சத்துக்கு வந்தது. ஒரே ஒரு நாள் வித்தியாசம். எத்தனை தரம் செய்தாலும் அந்த ஒரு நாள் அசையவில்லை. பேராசிரியர் துள்ளிக் குதித்தார். முதல் ஏற்பி வந்து கதவைத் திறந்துவிடுகிறது, மறுநாள் இரண்டாவது உள்ளே வருகிறது, சிறுமூளை இந்த ஒழுங்கில்தான் கட்டப்படுகிறது என்று ஒரு கொள்கையே எழுதிவிட்டார். அதைச் சொல்ல ஊர் ஊராகப் போனார். கட்டுரை வந்தது. என் பெயரை ஆசிரியர் வரிசையில் தேடினேன், இல்லை. கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் வரியில், பொடி எழுத்தில் இருந்தது. அதிலும் ஒரு எழுத்துப் பிழை. "அடுத்ததுல பண்ணிடலாம்மா" என்றார்.

அந்தக் கொள்கையை நம்பி ஒரு மாணவி வந்து சேர்ந்தாள். கியூபெக்கின் வடக்கே ஏதோ சிற்றூரிலிருந்து வந்தவள், இருபத்திமூன்று வயதிருக்கும். முதல் ஏற்பியை மருந்தால் அடைத்துவிட்டால் மறுநாள் இரண்டாவது வராமல் போகுமா என்பது அவளுடைய ஆய்வு. என் மேசைக்குப் பக்கத்து மேசை. மத்தியானச் சாப்பாட்டில் என் புட்டை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, எனக்கு பிரெஞ்சு சொல்லித் தருவாள். பின்னேரங்களில் நான் போய்வந்த பிரெஞ்சு வகுப்பில் வராத உச்சரிப்பெல்லாம் அவளிடம்தான் வந்தது. குட்டிகளின் வயதை அவள் தானாக எண்ணமாட்டாள். மஞ்சள் அட்டையில் நான் எழுதியிருப்பதைப் பார்த்து ஊசி போடுவாள். "நீ எழுதினால் பிழைக்காது" என்பாள்.

தொண்ணூற்றைந்து கோடையில் ஒருநாள், பழைய அளவு ஒன்றைச் சரிபார்க்க அந்தக் கியூபெக் பெண்மணியின் குறிப்புக் கொப்பிகளைத் தூசி தட்டி எடுத்தேன். எல்லாம் பிரெஞ்சில் எழுதியிருந்தார். பேராசிரியருக்கு இருபது வருடமாகியும் 'போன்ஷூர், மெர்சி' தாண்டிப் பிரெஞ்சு வராது. கொப்பியை அவர் ஒருநாளும் திறந்திருக்கமாட்டார், அதிலிருந்து கடைசியில் வரும் இலக்கங்களைத்தான் வாங்கியிருப்பார். எனக்கு இப்போது வாசிக்க வந்தது. முதல் பக்கத்திலேயே, அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார், பிறந்த நாள் பூச்சியம் என்று. திரும்பத் திரும்ப வாசித்தேன். அவருடைய ஒன்பது, என்னுடைய பத்து. இரண்டும் ஒரே நாள். கதவும் இல்லை, திறப்பும் இல்லை, இரண்டு ஏற்பிகளும் ஒன்றாகத்தான் வந்திருக்கின்றன. நடுவில் இருந்த அந்த ஒரு நாள் எங்கள் வீட்டுப் புண்ணியாசனக் கணக்கு.

கொப்பியைக் கொண்டு நேரே அவர் அறைக்குப் போனேன். மறைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை, அதை இங்கே எழுதிவைக்க வேண்டும். விளங்கப்படுத்தினேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்தபோது அந்த நல்ல தமிழ் வந்தது.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லை சேர்."

"சொல்லாதீங்க. மூணு மாசத்துல மானிய முடிவு வரும். அது வந்ததும் நானே திருத்திக்கறேன். அதுவரைக்கும் முன்ன எழுதின மாதிரியே அட்டையில எழுதுங்க. திடீர்னு மாத்தினா கேப்பாங்க. உங்க லெட்டரை இந்த வாரமே டைப் பண்ணச் சொல்றேன்."

"அந்தப் பிள்ளையின்ரை ஆய்வு, சேர்?"

"அவ சின்னப் பொண்ணு. மூணு மாசம் போனா என்ன?"

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "உமக்கென்ன விசரே? கடிதம் கைக்கு வரட்டும், பேந்து கதையும்" என்றார் அவர். அவரைக் குற்றம் சொல்லி நான் தப்பப்போவதில்லை. அவர் சொல்லாவிட்டாலும் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன். முப்பத்தொரு வயது எனக்கு. குடுவை கழுவும் தொட்டியில் திரும்பக் கையை விட நான் தயாராக இல்லை.

மூன்று மாதம் பொய் வயது எழுதினேன். அதற்கு முதல் எழுதியதெல்லாம் பிழை. இந்த மூன்று மாதம் எழுதியது பொய். பென்சில் அதேதான். பக்கத்து மேசைக்காரி அந்த அட்டையைப் பார்த்து ஊசி போட்டாள், கொன்றாள், என்னிடம் தந்தாள், நான் சீவிக் கொடுத்தேன். படங்களில் அவளுக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. முதல் ஏற்பியை அடைக்க அவள் ஊசியோடு வரும் நேரமும் பிழை, எதற்குப் பின் எது வருகிறது என்று தேடுவதும் பிழை. தன் கைதான் சரியில்லை என்று நினைத்தாள். ஒருநாள் குளிர் அறைக்குள் மருந்துப் போத்தல் எடுக்கப் போனவளைக் காணவில்லை என்று போய்ப் பார்த்தேன். உள்ளே நின்று அழுதுகொண்டிருந்தாள். "நான் மொக்கு, எனக்கு இந்தப் படிப்புச் சரிவராது" என்று பிரெஞ்சில் சொன்னாள். அவளுக்கு நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். தேத்தண்ணி! அதைவிட வேறொன்றும் கொடுக்கவில்லை.

கடிதம் வரவில்லை. முதலில் காரியதரிசி விடுமுறை, பிறகு மெஷின் பழுது, பிறகு வாசகத்தைத் திருத்த வேண்டுமாம். வந்தது வேறொரு கடிதம். வெளிநாட்டில் ஒரு ஆய்வுகூடம் எங்கள் வேலையைத் திரும்பச் செய்து பார்த்து, இரண்டு ஏற்பிகளும் ஒரே நாளில்தான் உச்சத்துக்கு வருகின்றன, உங்கள் எலிகளின் வயதை எப்படி எண்ணினீர்கள் என்று மரியாதையாகக் கேட்டிருந்தது. கியூபெக் தனிநாடாகப் பிரிவதா என்ற வாக்கெடுப்புக்காக, ஊர் முழுக்கத் தூண்களில் ஓம் என்றும் இல்லை என்றும் அட்டைகள் தொங்கிய இலையுதிர்காலம் அது. மறுநாள் காலை பேராசிரியர் ஆய்வுகூடத்தில் எல்லோரையும் கூட்டினார்.

நான் நினைத்தேன், இப்போதாவது சொல்வார் என்று. கண்டறியாத பேராசிரியர்! நாக்கூசாமல், அழகான ஆங்கிலத்தில் தொடங்கினார். துரதிர்ஷ்டவசமாக நம் டெக்னிஷியன், தன் நாட்டுக் கிராமங்களில் குழந்தைக்கு நாள் எண்ணும் முறையில் எலிகளுக்கும் எண்ணியிருக்கிறார், அவர் மேல் கோபப்பட வேண்டாம், அவர்களுடைய பண்பாடு அப்படி என்றார். இரக்கத்தோடு சொன்னார், அதுதான் எனக்கு வயிறு எரிந்தது. பத்துப் பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து, "நீங்கள்தான் அப்படி எழுதச் சொன்னீர்கள்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். "அப்படி எனக்கு நினைவில்லை. யாராவது கேட்டீர்களா?" என்று மேசையைச் சுற்றிப் பார்த்தார். கேட்டவர்கள் இருந்தார்கள். விளங்கியவர்கள் இல்லை.

மூன்று மாதத்துக்கு முதலே கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பக்கத்து மேசைக்காரி கேட்டாள். மற்ற யாரும் இல்லாத மாதிரி, பிரெஞ்சில், என்னைப் பார்த்து மட்டும் கேட்டாள். "உனக்கு இது எப்போது தெரிந்தது?"

இன்றைக்குத்தான் தெரியும் என்றேன்.

பேச வராவிட்டாலும், பேராசிரியருக்கு அந்தளவு பிரெஞ்சு விளங்கியது. என்னைப் பார்த்தார். மேசையில் கிடந்த தாள்களைத் தட்டி அடுக்கினார்.

திருத்தம் அச்சில் வந்தது. உதவியாளர் ஒருவரின் நாட்கணக்குப் பிழையால் என்று ஒரு வரி. பெயர் போடவேண்டிய இடங்களில் போடாத மனுசன் அங்கேயும் போடவில்லை, ஆனால் அந்த மாடியில் உதவியாளர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். கடிதம் இல்லாத என் விண்ணப்பத்தைப் பல்கலைக்கழகம் திருப்பி அனுப்பியது. ஒப்பந்தம் முடிந்தது என்று கிறிஸ்மஸுக்கு முதல் என்னை நிறுத்தினார். மாணவி அதற்கு முதலே படிப்பை விட்டுத் தன் ஊருக்குப் போய்விட்டாள். போகும்போது என்னைக் கட்டிப்பிடித்து, "உன்னை இப்படிச் செய்துவிட்டார்களே" என்று அழுதாள். நான் அவளுடைய பெட்டியைத் தூக்கி லிஃப்ட் வரை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பிறகு புவாண்ட்-கிளேரில் ஒரு மருந்துக் களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினேன், கொஞ்சக் காலத்தில் மேற்பார்வையாளர் ஆனேன், ஒரு மகளைப் பெற்றேன், வீடு வாங்கினேன். வாழ்க்கை ஒன்றும் நாசமாகிவிடவில்லை. ஆனால் முப்பது வருடமாகியும் அந்த மனுசனை நினைத்தால் பத்திக்கொண்டு வருகிறது. காலம் ஆற்றும் என்கிறார்கள், எனக்கு ஆறவில்லை. கேட்கிறவர்களுக்கெல்லாம், கலியாண வீடு, சாவீடு என்று பாராமல், தமிழில் இந்தக் கதையைச் சொல்லித் திட்டியிருக்கிறேன். கொப்பியைக் காட்டியதைச் சொல்வேன். கூட்டத்தில் எழுந்து நின்றதைச் சொல்வேன். மாணவி கேட்ட கேள்வியை மட்டும் சொல்லமாட்டேன்.

போன குளிர்காலம் புவாண்ட்-கிளேர் கடைத்தொகுதியின் உணவுக்கூடத்தில் அவரைக் கண்டேன். சக்கர நாற்காலியில், மடியில் கம்பளி. பக்கத்தில் மகன், வைத்தியராம், ஐம்பது வயதிருக்கும், தமிழில் ஒரு சொல் விளங்காது. தாண்டிப் போயிருக்கலாம். கால் நேரே அங்கே போனது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"எப்படிம்மா இருக்கீங்க?" என்றார். பிறகு நான் கேளாமலே, "நான்தான் சொன்னேன். நடந்துக்கிட்டே சொன்னேன், எனக்கு ஞாபகம் இருக்கு. அப்பவும் இருந்துது" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்குக் கொஞ்சமும் இரங்கவில்லை. முப்பது வருடம் காத்திருந்த வசனம் அது, ஆனால் அதை அவர் எனக்கல்லவா சொல்கிறார், எனக்கு அது தெரியாதா?

"சேர், இதை இங்கிலீசிலை சொல்லுங்கோ. உங்கடை மோன் இருக்கிறார். அவருக்கு முன்னாலை சொல்லுங்கோ" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது, பக்கத்து மேசைகள் திரும்பின. மகன் கோப்பையை வைத்துவிட்டு இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார்.

பேராசிரியர் கம்பளியைச் சரிசெய்தார். தலையை நிமிர்த்தாமல், அந்த நல்ல தமிழில், மெல்லச் சொன்னார்.

"சொல்றேம்மா. அந்தப் பொண்ணு கேட்டப்போ நீங்க என்ன பதில் சொன்னீங்கன்னு, அதையும் சேத்துச் சொல்லிடட்டுமா?"

உணவுக்கூடத்து இரைச்சல் முழுக்க எனக்குக் கேட்டது. மகன் குனிந்து, "அப்பா, என்ன சொல்கிறார் இவர்? ஏதாவது பிரச்சினையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பேராசிரியர் என்னைப் பார்த்தபடி இருந்தார்.

பதில் சொன்னது நான்தான், நல்ல ஆங்கிலத்தில். "ஒன்றுமில்லை. உங்கள் அப்பாவிடம் முன்பு வேலை செய்தேன். சுகம் விசாரிக்க வந்தேன்" என்றேன்.